நம்பர் மாற்றிய துப்பாக்கி

மக்கா,

உன் கார்டு சந்தை நாளன்று, கடையில் ஆள் நெருக்கி நிற்கும்போது வந்தது. தபால்காரர் அதை என் கையில் தரவில்லை. மண்வெட்டி வாங்க வந்தவர்கள் நடுவில் தூக்கிப் பிடித்து, "முதலாளிக்க மொவன் துப்பாக்கி வாங்கப் போறானாம், இரும்பு கொள்ளாமான்னு பாத்துச் சொல்லணுமாம்" என்று எல்லாருக்குமாகப் படித்தார். "ஆருக்கு வெடி வைக்கவாக்கும்?" என்றான் ஒருவன். "ஜப்பான்காரன் தோத்துப் போன துப்பாக்கிய வச்சு இவன் ஆர ஜெயிக்கப் போறான்?" என்றான் இன்னொருவன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் முகத்தைச் சுளித்திருந்தால் அந்தப் பேச்சு அங்கே நின்றிருக்காது. மாலைக்குள் பாறசாலை போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போயிருக்கும். இப்போதும் போகாது என்று சொல்ல முடியவில்லை.

நீ எழுதியது நாலே வரி. திருப்புறத்தில் பட்டாளம் பொன்னையனிடம் ஜப்பான் ராணுவத்தின் பழைய துப்பாக்கி ஒன்று விலைக்கு நிற்கிறது. பன்றித் தொல்லைக்கு ஆகும். நம்பர் மாற்றியாகிவிட்டது என்கிறான். ஞாயிற்றுக்கிழமை வாங்கப் போகிறேன், அதற்குள் இரும்பு எப்படி என்று பார்த்துச் சொல்லவும். உதியன்குளங்கரை முக்கில் நடந்த சம்பவத்துக்குப் பிறகு நீ எனக்கு எழுதும் முதல் எழுத்து இதுதான். அதில் அப்பா சுகமா என்ற ஒரு வார்த்தை இல்லை. அதை நான் குறையாக எடுக்கவில்லை. இரும்பு பார்க்க என்னைக் கூப்பிட வேண்டும் என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. நம் இருவருக்கும் நடுவில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான் என்றால், அதையாவது ஒழுங்காகச் செய்து தருகிறேன். இதைக் கார்டில் எழுதவில்லை. உறையில் போட்டு ஒட்டி, உன் கள்ளிக்காட்டில் இருந்து மரச்சீனிக் கிழங்கு ஏற்றி வரும் லாரிக்காரன் கையில் கொடுத்துவிடுகிறேன். படித்தபின் அடுப்பில் போடு.

மறுநாளே திருப்புறம் போனேன். பொன்னையன் வீட்டு முற்றம் நிறைய மரச்சீனி வெட்டிக் காயப் போட்டிருந்தது. அவன் வெளியே வந்து, "முதலாளி இரிக்கணும்" என்றான். சின்ன வயதில் நம் கடைக்கு ஆணி வாங்க வந்து, வாய் ஓயாமல் தமிழில் பேசி நின்றவன்தான். "எடேய், நீ எப்பம் தொட்டு மலையாளத்தான் ஆன?" என்று கேட்டேன். அவனுக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை. "காலம் அதாக்கும் முதலாளி. காட்டிலாகாவுல வாச்சர் பணிக்கு எழுதி இட்டிருக்கேன். வீட்டுக்குள்ள தமிழு, முற்றத்துக்கு எறங்கினா மலையாளம்" என்றான். உனக்கு இதைக் கேட்டால் காறித் துப்பத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாளை எந்தச் சர்க்கார் வந்தாலும் அவனுக்குச் சோறு வேண்டும். உள்ளே கூட்டிப்போய்க் கட்டிலுக்கு அடியில் இருந்து சாக்குப் பொதியை இழுத்து, துப்பாக்கியை என் மடியில் வைத்தான்.

இனி நீ கேட்டதைச் சொல்கிறேன். இது அந்த ஜப்பான் பட்டாளக்காரன் தோளில் போட்டு நடந்த பொருள் இல்லை. இங்கே இதில் கை வைத்தவன் முன்பக்கத்து மரத்தில் பாதியை அறுத்துத் தள்ளியிருக்கிறான். குழலையும் குறுக்கியிருக்கிறான், அறுத்த வாய் நேராக இல்லை, ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. மேலே அவர்கள் ராஜாவின் பூ முத்திரை இருந்திருக்க வேண்டிய இடம் மழமழவென்று இருக்கிறது. வெயிலில் சாய்த்துப் பார்த்தால் அரத்தின் பல் ஓடிய தடம் தெரிகிறது. இதெல்லாம் கூடப் பரவாயில்லை, மேல்பூச்சு. ஜப்பான் தோட்டா இங்கே கிடைக்காது என்பதால், நம் பட்டாளத் தோட்டா போகட்டும் என்று அது உட்காரும் அறையைக் குடைந்து பெரிதாக்கியிருக்கிறான். குடைந்தவன் கை நடுவில் நிற்கவில்லை. விரலை விட்டுத் தடவினேன். ஒரு பக்கச் சுவர் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கிறது. பற்றாததற்கு அந்த இடத்தில் தீயும் காட்டியிருக்கிறான். கறுப்புச் சாயத்துக்கு அடியில் நீலம் ஓடிக் கிடக்கிறது. தீ பட்ட எஃகு வெளியே பார்க்க எஃகு போலவே இருக்கும். வெடிமருந்து உள்ளே எரியும்போதுதான் அது தன்னைக் காட்டும், அப்போது உன் கன்னம் அதில் ஒட்டியிருக்கும்.

பொன்னையனிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. "வெடிச்சுப் பாத்தியாடே?" என்று மட்டும் கேட்டேன். "பின்ன பாக்காதயா முதலாளி! ரெண்டு வெடி வச்சேன், பட்டுனு போச்சு" என்றான். "எப்படி வச்ச?" "தென்னையில சேத்துக் கெட்டி, தூரத்துல நின்னு கயிறு போட்டு இழுத்தேன்." "ஏன், பட்டாளத்துல கையில பிடிச்சு வெடிக்கப் படிப்பிக்கல்லியா?" என்றேன். அவன் என்னைப் பார்த்து வெள்ளையாகச் சிரித்தான். "எனக்குப் பிள்ளையளு இல்லியா முதலாளி!" என்றான். எனக்கும் உண்டுடே என்று நாக்கு நுனி வரை வந்தது. பொருள் பார்க்கப் போனவன் பயத்தைக் காட்டினால் விற்கிறவனுக்குப் பலம் கூடும் என்று பழகிய நாக்கு, அப்படியே நின்றுகொண்டது. அவன் விலையைச் சொன்னான். பழைய காலத்துச் சாமான் என்று ஒரு விலை, அதைப் புதுக்கியிருப்பதாக அதன் மேல் இன்னொரு விலை. இரண்டையும் ஒரே பொருளுக்குக் கேட்கிறவனை நான் இத்தனை வருஷத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். சண்டை முடிந்த சமயத்தில் பட்டாளத்துக் கழிவு ஏலத்தில் எனக்கு ஒரு தண்ணீர் எஞ்சினைத் தந்தவனும் இதையேதான் சொன்னான். அந்த எஞ்சினுக்கு அடித்திருந்த பச்சைச் சாயம்தான் அதிலேயே புதுசு.

பிறகு நம்பரைப் பற்றிக் கேட்டேன். நீ அதைத்தானே பெரிதாக நம்பியிருக்கிறாய்? "நம்பர் மாற்றியதுன்னு எனக்க மொவன்கிட்டச் சொன்னியாமே?" என்றேன். "மாற்றி முதலாளி. நல்ல வடிவா மாற்றி. கண்ணாடி வச்சு நோக்கினாலும் காணாது" என்றான். "எங்க எழுதிக் குடுத்து மாற்றின?" என்று கேட்டதும் அவன் விழித்தான். "எழுதவா? அரம் வச்சு ராவி மாற்றினதாக்கும். இப்பம் அதுக்கு நம்பரே இல்ல."

புரிகிறதா மக்கா? தமிழில் மாற்றினால் ஒன்று இருந்த இடத்தில் வேறொன்று வரும். பட்டாளத்து எண்ணை எடுத்துவிட்டு, ஊர் எண் போட்டு, தாலுகா கச்சேரியில் பதிந்து, எல்லாம் நேராக்கித் தருகிறான் என்று நீ எடுத்துக்கொண்டாய். மலையாளத்தில் மாற்றினால் அகற்றியாயிற்று என்று பொருள்; அந்த இடம் வெறுமனே கிடக்கும். அவன் பொய் சொல்லவில்லை. முற்றத்தில் நின்று சொன்னதால் முற்றத்து மொழியில் சொன்னான். உனக்கு அந்த மொழி தெரியாதா? அந்த மொழியில் பள்ளிக்கூட முற்றத்தில் கிளியந்தட்டு ஆடியவன் நீ. தமிழ்ச் சர்க்காரோடு இணைய வேண்டும் என்ற போராட்டக்காரர்களோடு சேர்ந்து இனி மலையாளம் பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தாய். சரி, அது உன் வாய். ஆனால் அதோடு காதையும் அடைத்துக்கொண்டாய். வியாபாரத்தில் நான் எந்த மொழியையும் விரும்பியதுமில்லை, வெறுத்ததுமில்லை. எதிரே நிற்கிறவன் எந்த மொழியில் நினைக்கிறானோ அந்த மொழியில் அவனைக் கேட்டேன். அதனால்தான் தலைச்சுமையாகப் பழைய இரும்பு பொறுக்கி நடந்தவன் இன்று ரோட்டோரத்தில் இரண்டு ஷட்டர் போட்டுக் கடை வைத்திருக்கிறேன். நம்பர் இல்லாத துப்பாக்கிக்கு உலகத்தில் எந்தச் சர்க்காரும் லைசென்ஸ் தராது. எண்ணை அழித்தது தெரிந்தால், வைத்திருந்தவனைத்தான் பிடித்துக்கொண்டு போவார்கள்.

உன்னைத் தமிழ் படிக்க வைத்தவன் நான்தான் என்று மேடையில் ஒருமுறை பெருமையாகச் சொன்னாயாம். கேட்டவர்கள் கைதட்டியதாக வந்து சொன்னார்கள். உண்மை என்ன என்று இப்போது சொல்கிறேன், இனி மேடையில் சொல்லமாட்டாய். நாகர்கோவில் மொத்தக் கடைக்காரர்கள் பில்லைத் தமிழில் எழுதி அனுப்புவார்கள். அப்போது எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும்; உன் பாடப் புத்தகத்தைப் பார்த்துத்தான் பிறகு எழுதப் பழகினேன். வீட்டில் ஒருவனுக்குத் தமிழ் நன்றாக வந்தால் அவர்கள் என்னை ஏமாற்ற முடியாது என்று கணக்குப் போட்டு, உன்னைக் குழித்துறைப் பள்ளிக்கு அனுப்பினேன். பில் படிக்க அனுப்பிய பையன் பாட்டும் பேச்சும் கொடியுமாகத் திரும்பி வந்தான். கல்யாணத்தன்று சபையில் போதகர் உடன்படிக்கையை மலையாளத்தில் வாசிக்கத் தொடங்கியதும் நீ, "தமிழில் கேட்டால்தான் பதில் சொல்லுவேன்" என்று நின்றாய். பெண் வீட்டார் முகம் கறுத்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார். எனக்கு அன்று வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஆனாலும் சபை முழுவதும் உன்னைத் திரும்பிப் பார்த்தபோது, அது என் பையன் என்று நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அந்த நிமிர்வுக்கு நான் கொடுக்கும் விலை அதற்குப் பிறகு ஏறிக்கொண்டேதான் போகிறது.

இப்போது பன்றிக்கு வருகிறேன். உன் மரச்சீனி விளையைப் பன்றி உழுதுபோட்டதை நானே வந்து பார்த்தேன். பன்றி உண்டு. ஆனால் பன்றி போன வருஷமும் உண்டு, அதற்கு முந்தின வருஷமும் உண்டு. அப்போதெல்லாம் முள்வேலி கட்டினாய், தகரம் தட்டினாய், நாய் வளர்த்தாய். முக்கில் அடி வாங்கிய பிறகுதான் உனக்குத் துப்பாக்கி நினைவு வந்தது. மருமகளோடு பஸ்ஸுக்கு நின்றாய். போலீஸ்காரர் இருவர் வந்து, "சஞ்சியில் எந்தா?" என்று உன் பையைக் காட்டிக் கேட்டார்கள். நீ துணி என்று தமிழில் சொன்னாய். மலையாளத்தில் சொல்லச் சொன்னார்கள். அந்தச் சொல்லை மலையாளத்தில் சொன்னாலும் ஏறக்குறைய அதேதான், "துணி", இல்லையா! உனக்கு வேறு சொல்லே தேவைப்படவில்லை. கொஞ்சம் குரலை வளைத்திருந்தால் போதும். நீ நிமிர்ந்து நின்று, "இது எங்கள் மண். தமிழில்தான் சொல்வேன்" என்றாய். அடி விழுந்தது. வயிற்றுப் பிள்ளையோடு நின்ற அந்தப் பெண் பைத்துணியெல்லாம் ரோட்டில் சிதறியதைக் குனிந்து பொறுக்கினாள்.

நான் கடையில் இருந்து இறங்கி வந்து என்ன செய்தேன் என்று உனக்குத் தெரியும். அதற்காகத்தான் நீ பேசாமல் இருக்கிறாய். "சாரே, என்றெ மோனாணு. அறிவில்லாத்த பையனாணு, விட்டேக்கணே" என்று கையைக் கூப்பினேன். கடைக்குக் கூட்டிப்போய் இருவருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் குடித்தார்கள். ஒருவர் "நல்ல டீயாணு கேட்டோ" என்றுகூடச் சொன்னார். நீ வெளியே உதட்டு ரத்தத்தைத் துடைத்தபடி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஆனால் மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. நாளைக்கு அதே நடந்தாலும் அதே கையைத்தான் கூப்புவேன். அன்று முக்கில் பிடித்து போலீஸ் வண்டியில் ஏற்றிக் கொண்டுபோன மற்றப் பையன்கள் எப்படித் திரும்பி வந்தார்கள் என்று நீயே பார்த்தாய். உன் பல் எல்லாம் உன் வாயில் இருப்பது அந்த டீயால். உனக்கு அது அவமானம். எனக்கு அது என் பையனின் வாய்.

அந்த அவமானத்தைத் தீர்க்க இந்த இரும்பு உதவாது. தெற்கே உள்ள தாலுகாக்கள் தமிழ்ச் சர்க்கார் பக்கம் போகும், நம் நெய்யாற்றின்கரை இந்த மலையாளச் சர்க்காரிலேயே நிற்கும் என்று இப்போதே பேச்சு அடிபடுகிறது. அது நடந்தால் உன்னை மேடையேற்றியவர்கள் மாலையோடு அந்தப் பக்கத்தில் இருப்பார்கள். நீயும் நானும் மறுநாள் காலையில் இதே ரோட்டில், இதே போலீஸ்காரர் முகத்தில் விழித்து, இதே கடையைத் திறக்க வேண்டும். அவர்கள் உனக்குச் சொல்லிக்கொள்ளக்கூட மாட்டார்கள். இதைச் சொன்னால் துரோகி என்பாய். இந்த ரோட்டில் என்னை இரண்டு பக்கமும் அப்படிச் சொல்லியாகிவிட்டது. தமிழில் மட்டும் போர்டு எழுதச் சொன்னவர்கள் ஒரு தடவை கல் எறிந்தார்கள். அப்படி எழுதியதற்காக வேறு ஆட்கள் ஒரு தடவை தார் பூசினார்கள். இப்போது போர்டே இல்லாமல் கடை நடக்கிறது. சங்கிலியும் மண்வெட்டியும் வாங்குகிறவனுக்குப் போர்டு தேவையில்லை.

நானே அதை வாங்கி உடைத்துப் போட்டுவிடலாமா என்றும் நினைத்துப் பார்த்தேன். பொன்னையன் கேட்ட விலை எனக்குப் பெரிதில்லை. பட்டறையில் போட்டு ஒரு நாழிகையில் துண்டாக்கிவிடலாம். ஆனால் அப்படிச் செய்தால் நீ அடுத்த வாரம் வேறு ஒருவன் கட்டிலுக்கு அடியில் வேறு ஒன்றைக் கண்டுபிடிப்பாய். அதைப் பார்க்க என்னைக் கூப்பிடமாட்டாய். அதனால் அது அங்கேயே கிடக்கிறது. பொன்னையனிடம் ஞாயிறு வரை யாருக்கும் கொடுக்காதே என்றும் சொல்லவில்லை, என் பையனுக்குக் கொடுக்காதே என்றும் சொல்லவில்லை. முற்றத்தில் நின்று, "செரி, நான் வாறேன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

நீ கேட்டதற்குப் பதில்: இரும்பு கெட்டது, வாங்காதே. பன்றிதான் காரியம் என்றால், கள்ளிக்காட்டில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர் ஒருவர் உண்டு. நான் சொன்னால் ராத்திரி வந்து காவல் இருப்பார், இறைச்சியில் பாதி அவருக்கு. நாளைக்கே ஏற்பாடு செய்கிறேன். நீ அவரோடு மலையாளத்தில் பேச வேண்டாம், மருமகள் பேசட்டும்.

இத்தனையும் படித்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை நீ திருப்புறத்துக்குப் போவாய் என்றால், அதையும் என்னால் தடுக்க முடியாது. உனக்கு என் பிடிவாதம்தான் வந்திருக்கிறது, புத்தி வரவில்லை. அப்படி வாங்கினால் ஒன்று மட்டும் செய். அதை வெடிக்காதே, கள்ளிக்காட்டுக்கும் கொண்டு போகாதே. சாக்கோடு கொண்டுவந்து என் கடைப் பின்னறையில், பழைய இரும்புக் குவியலுக்குள் போட்டுவிட்டுப் போ. கார்டைப் படித்த ஊர் இது. அவர்கள் எப்படியும் முதலில் என் கடைக்குத்தான் வருவார்கள். குவியலைக் கிளறி, சாக்கை அவிழ்த்து, துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்து, ஈ தோக்கு ஆருடேதா என்று கேட்பார்கள். நான் அவர்கள் மொழியிலேயே, ஒரு சொல்லும் பிசகாமல், என்றேதாணு சாரே, என்னுடையதுதான், என்பேன். அன்றைக்கும் நீ வெளியே நின்று என்னை அதே பார்வை பார்க்கலாம். டீ வாங்கிக் கொடுக்க எனக்கு அப்போது கை ஒழிந்திருக்காது. நீதான் மருமகளைக் கூட்டிக்கொண்டு, வாயைத் திறக்காமல், வீட்டுக்குப் போக வேண்டும்.

உன் அப்பன்